சீக்கு வந்த கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வது எப்படி: செத்த கோழியை எடுப்பதிலிருந்து அடுத்த குஞ்சு இறக்கும் வரை

பேட்ச் முழுக்கச் சீக்கில் போன பிறகு எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். 600 நாட்டுக்கோழி வைத்திருந்தேன், பத்தாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்று சொல்லும் வைரஸ் நோய்) வந்து எட்டே நாளில் 140 மிஞ்சியது. கடையில் இருந்ததிலேயே விலை கூடிய கிருமிநாசினியை வாங்கி வந்து, எருவை மேலாக அள்ளிவிட்டு, கொட்டகை முழுக்க அடித்து, பன்னிரண்டாம் நாள் புதுக் குஞ்சு இறக்கினேன். ஐந்தாவது வாரம் அதே பச்சைக் கழிச்சல், அதே கழுத்துத் திருகல்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பழைய தீவனச் சாக்குகளைத் தைத்துப் படுதாவாகக் கட்டியிருந்தேன், அதைக் கழற்றவே இல்லை. மிஞ்சிய கோழிகளில் இருபதைப் பாவம் பார்த்து வீட்டுப் புறக்கடையில் விட்டிருந்தேன், இரண்டு இடத்துக்கும் ஒரே செருப்பில் போய்வந்தேன். தண்ணீர் டேங்கின் உள்ளே கை விட்டுக்கூடப் பார்க்கவில்லை. மருந்தில் குறை இல்லை, மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அந்த இரண்டாவது நஷ்டம் வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 500 கோழிக்காரருக்கும் 5000 கோழிக்காரருக்கும் வேலை ஒன்றுதான், ஆள் கணக்கு மட்டும் மாறும்.

முதலில், வந்தது என்ன சீக்கு?

இது தெரியாமல் விளக்குமாற்றைக்கூடக் கையில் எடுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் வெளியிலிருந்து பார்த்தால் பல நேரம் ஒன்று போலவே இருக்கும். திடீர்ச் சாவு, மூச்சு இழுப்பு, பச்சையாகக் கழிவது, முட்டை விழுவது என எல்லாம் இரண்டிலும் வரும். கொண்டை நீலம் பூத்து, முகம் வீங்கி, ஒரே இரவில் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சல் சந்தேகம் வலுவாக எழ வேண்டும். அந்த நிலையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளூர் கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ சொல்வது. கோழியை நீங்களாக அறுத்துப் பார்க்கக்கூடாது, புதைக்கக்கூடாது, வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டு போகவும் கூடாது. அவர்களே வந்து மாதிரி எடுத்து, போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

இந்தியாவில் பண்ணைக் கோழிகளில் முதல் பறவைக் காய்ச்சல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதியானது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளில் வந்தபோது நாமக்கல் பண்ணைக்காரர்கள் எல்லைச் சோதனைச் சாவடியைப் பார்த்துக்கொண்டே இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். உறுதியானால் நோய் வந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அரசே அழிக்கும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிக்கும். அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. மறைத்து வைத்துப் பார்ப்போம் என்று நினைப்பவருக்கு ஒவ்வொரு நாளும் கையிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பணத்தை விடுங்கள், மனுசருக்கும் ஒட்டும் நோய் இது. 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றில் இறந்தான். பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் சுத்தம் செய்வது, காத்திருப்பது, மறுபடி கோழி விடுவது எல்லாமே துறை சொல்லும் முறைப்படி, அவர்கள் சான்று கொடுத்த பிறகுதான். கீழே உள்ளதை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா, சரி. அப்போதும் நோயின் பெயர் வேண்டும். புதிதாகச் செத்த கோழி இரண்டு மூன்றை இரட்டை பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் போட்டு, அவர் சொல்லும் நோய் ஆய்வகத்துக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள். ஐஸ்கட்டியில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் உறைய வைக்கக்கூடாது, உறைந்துவிட்டால் அறுத்துப் பார்ப்பவருக்கு உள்ளுறுப்பு சரியாகத் தெரியாது.

பெயர் எதற்கு என்றால், சுத்தம் செய்யும் முறையே அதை வைத்துத்தான் மாறுகிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு பட்டாலே அது உடையும், எந்தச் சாதாரணக் கிருமிநாசினிக்கும் அடங்கும். ஆனால் எச்சத்துக்குள் ஒளிந்திருக்கும் வரை பல வாரம் உயிரோடு இருக்கும். குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோயின் வைரஸுக்கு அந்த உறை கிடையாது, காலிக் கொட்டகையிலேயே மாதக்கணக்கில் தாங்கும். 'குவாட்' (குவாட்டர்னரி அம்மோனியம்) வகை மருந்துகளை மட்டும் நம்பினால் அது சாகாது, குளூட்டரால்டிஹைடோ ஃபார்மலினோ குளோரினோ வேண்டும். ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சலுக்கு இவை எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது, அந்த ஒட்டுண்ணியின் முட்டைகளுக்குச் சூடுதான் எமன், தரையைத் தீயால் வாட்ட வேண்டும். சால்மோனெல்லா பாக்டீரியா என்றால் எலியை ஒழிக்காமல் நீங்கள் கழுவுவது அத்தனையும் வீண்.

கேட்டை மூடுங்கள், மிஞ்சியதை விற்காதீர்கள்

சீக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பண்ணைக்காரர் பார்க்க வருவார், கறிக்கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டு வருவார், எரு வியாபாரி டிராக்டரோடு வருவார். யாரையும் உள்ளே விடாதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மிஞ்சிய கோழியைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்று மனசு சொல்லும். எனக்கும் சொன்னது. வாரச்சந்தைக்குப் போகும் ஒரு கூடைச் சீக்குக்கோழி பத்து ஊருக்குப் பிரிந்து போகும், அங்கே ஐந்து கோழி வளர்த்து முட்டை விற்றுக் குடும்பச் செலவைப் பார்க்கும் பாட்டிகளின் கோழிதான் முதலில் சாகும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். வெள்ளைக்கழிச்சலில் பிழைத்த கோழி வெளியே தெளிவாகத் தெரிந்தாலும் வாரக்கணக்கில் எச்சத்தில் வைரஸை விடும். பண்ணையில் ஒரு கோழி இருக்கும் வரை காத்திருக்கும் நாள்கணக்கு தொடங்கவே தொடங்காது. மிஞ்சியதை என்ன செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுத்து, கொட்டகையை முழுக்கக் காலி செய்யுங்கள். புறக்கடையில் இருபது விடுவதும் வேண்டாம்.

வேலை செய்யும் ஆட்களுக்குத் தனிச் சட்டை, கம்பூட்ஸ், கையுறை, முகக்கவசம், முடிந்தால் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். எருத்தூசியும் நெஞ்சுக்கு நல்லதல்ல. அந்தச் சட்டை பண்ணையை விட்டு வெளியே போகக்கூடாது, அங்கேயே சோப்புநீரில் ஊறட்டும்.

செத்த கோழி

வாய்க்காலில் வீசுவது, சாலையோரம் சாக்கில் கட்டிப் போடுவது இன்னும் நடக்கிறது. ஒரு நாய் இழுத்துப் போனால் சீக்கு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். புதைப்பதென்றால் பண்ணைக்குள்ளேயே, கிணறு, போர்வெல், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் தள்ளி, மழைநீர் நிற்காத மேட்டில் குழி எடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு மீட்டராக ஒரு குழி எடுத்தால் ஏறக்குறைய 1800 கோழி கொள்ளும் என்பது நம் நாட்டில் துறையினர் வைத்திருக்கும் கணக்கு, உங்கள் எண்ணிக்கைக்கு அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அடியில் சுண்ணாம்பு, கோழி, மேலே மறுபடி சுண்ணாம்பு, அதன்மேல் மூன்றடிக்குக் குறையாமல் மண். நிலத்தடி நீர் மேலாகவே ஊறும் இடமாக இருந்தால் இந்த வழி வேண்டாம், மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.

எருவை அள்ளுவதில் இருக்கிறது பாதி உயிர்

ஆழ்கூளமோ (தரையில் உமி, நார் பரப்பி வளர்ப்பது) கூண்டோ, எரு முழுதாகப் போகாமல் நீங்கள் அடிக்கும் எந்த மருந்தும் எருவைத்தான் சுத்தம் செய்கிறது. குளோரின் எருவில் பட்டதும் அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், வைரஸிடம் போக மிச்சம் இருக்காது.

கோழி வெளியேறிய அன்றைக்கே, கொட்டகைச் சூடு ஆறுவதற்குள், சுவரோரமும் தூண் அடியிலும் பூச்சிமருந்து அடியுங்கள். கூளத்தில் திரியும் கருவண்டுகள் சூடு குறைந்ததும் சுவர்ச் சந்துக்கும் மண்ணுக்கும் போய்விடும், குஞ்சு இறக்கி, சூடு கொடுக்கும் புரூடர் போட்டதும் நோயைச் சுமந்துகொண்டு திரும்பி வரும். எலி மருந்தும் இப்போதே வையுங்கள், தீவனம் இல்லாத இந்த நாட்களில்தான் எலி மருந்தைத் தின்னும்.

அப்புறம் கூளத்தின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள், புழுதியாகப் பறந்தால் காற்றோடு பக்கத்துப் பண்ணைக்கும் போகும். நார்க்கழிவு, உமி, கடலைத்தோல் எதுவாக இருந்தாலும் ஒரு பிடிகூடத் திருப்பிப் பயன்படுத்த வேண்டாம். அள்ளியதை உடனே விற்காதீர்கள். பண்ணையின் ஒரு மூலையில் நாலடி உயரத்துக்குக் குவித்து, பிழிந்தால் கை ஈரமாகும் அளவுக்கு நனைத்து, தார்ப்பாயால் மூடி ஓரத்தில் மண் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு இரும்புக்கம்பியைக் குவியலின் நடுவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள், பிடிக்க முடியாமல் கை சுட வேண்டும். சூடு இறங்கியதும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி மறுபடி மூடுங்கள், இரண்டாவது முறையும் சூடேறி இறங்கட்டும். இதற்கு ஒரு மாதம் ஆகும். அதன் பிறகு வயலுக்குப் போடலாம், விற்கலாம்.

மேட்டுக் கொட்டகைக் கூண்டுப் பண்ணையில் அடியில் மாதக்கணக்கில் சேர்ந்த எருவை ஒரே மூச்சில் எடுக்க மலைப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள், பாதி எடுத்துப் பாதி விட்டால் எடுத்ததற்கே பலன் இல்லை.

எரு போனதும் கூரையிலிருந்து கீழாக ஒட்டடை, தூசி, இறகு எல்லாவற்றையும் கூட்டி இறக்குங்கள். கம்பிவலைக் கண்களில் ஒட்டிய இறகு, பல்பின் தலை, மின்விசிறி இறக்கை, கூரைக் கட்டையின் மேல்பக்கம் என எதையும் விடாதீர்கள். தரையில் ஒட்டிய எச்சத்தைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். படுதா, சாக்கு, கயிறு, கூடை, மூங்கில் பரண் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுங்கள். சாக்கையும் காகித முட்டை அட்டையையும் மிச்சத் தீவனத்தையும் கணக்குப் பார்க்காமல் எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள். இரண்டு மூட்டைத் தீவனம் மிச்சம் பிடித்து ஒரு பேட்சையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கழுவுவது

வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் பிசுக்கு போகாது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா, அல்லது நல்ல நுரை வரும் அளவுக்குச் சோப்புத்தூள் கலந்து, கூரை, சுவர், வலை, தரை எல்லாவற்றிலும் அடித்து அரைமணி நேரம் ஊற விடுங்கள். காயவிடாதீர்கள், காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, பவர் ஸ்பிரேயரில் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கொட்டகைப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ ஓடக்கூடாது, ஒரு குழி எடுத்து அதில் விழும்படி வாய்க்கால் வெட்டிவிடுங்கள். வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்துப் பாருங்கள், துணி அழுக்கானால் இன்னொரு தடவை.

ஃபீடர், டிரிங்கர், தட்டு எல்லாம் தொட்டியில் சோப்புநீரில் ஊறித் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் கவிழ்த்துக் காய வேண்டும்.

தண்ணீர் லைனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானோர் விடுவது இங்கேதான். நிப்பிள் லைன் (கோழி கொத்திக் குடிக்கும் முனைகள் வைத்த குழாய்) உள்ளே வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும், வைட்டமினும் மருந்தும் தண்ணீரில் விட்டுவிட்டு அது தடித்துப் போயிருக்கும். டேங்கை இறங்கித் தேய்த்துக் கழுவி, லைன் சுத்தம் செய்ய விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி கலந்து, கடைசி நிப்பிள் வரை வந்ததா என்று தட்டிப் பார்த்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் கடைசி மூடியைத் திறந்து வேகமாக ஓட விட்டால் வெளியே வரும் சளி போன்ற அழுக்கைப் பார்த்தாலே புரிந்துவிடும், இத்தனை நாள் கோழி குடித்தது என்னவென்று.

காய்ந்த பிறகு மருந்து

ஈரத்தின் மேல் அடித்தால் மருந்து நீர்த்துப்போகும். ஒரு முழு நாள், மழைக்காலமானால் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.

எது மலிவு, எது கைக்குக் கிடைக்கும் என்றால் பிளீச்சிங் பவுடர். புதிதாக வாங்கிய நல்ல பவுடரில் லிட்டருக்கு 30 கிராம் கரைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் குளோரின் கிடைக்கும், தெளிந்த நீரை மட்டும் எடுத்து அடியுங்கள். திறந்து வைத்த பழைய மூட்டையில் வாசனையே இருக்காது, அதில் குளோரினும் இருக்காது. கரைத்த நீரை அன்றே முடித்துவிட வேண்டும், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். இரும்பை அரிக்கும் என்பதால் கூண்டுப் பண்ணைக்குக் குளூட்டரால்டிஹைடும் குவாட்டும் சேர்ந்த கடை மருந்து நல்லது. எதுவானாலும் அளவு முக்கியம்: மூன்று சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் கரைசலாவது விழ வேண்டும். 1000 சதுர அடிக் கொட்டகையின் தரைக்கு மட்டுமே 30 லிட்டர் ஆகும், 16 லிட்டர் கைத்தெளிப்பானில் இரண்டு டேங்க். சுவரும் கூரையும் தனிக் கணக்கு. ஒரே டேங்கில் மொத்தக் கொட்டகையையும் முடித்தால் அது வாசனைக்கு அடித்தது போலத்தான். அடித்த இடம் அரைமணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும்.

ஒரு மருந்தோடு இன்னொன்றைக் கலக்கவே கலக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் வரும் புகை மூடிய கொட்டகையில் ஆளைச் சாய்த்துவிடும்.

ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் வைத்துப் புகைமூட்டம் போடுவது பழைய வழக்கம். காற்றுப் புகாமல் மூடக்கூடிய அறைக்குத்தான் அது பயன்படும், நம்முடைய வலையடித்த திறந்த கொட்டகையில் தார்ப்பாய் கட்டினாலும் பாதி வெளியே போய்விடும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மண்தரையாக இருந்தால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் போட்டு, தரை வெளுக்கும் அளவுக்குச் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். சிமெண்ட் தரை, செங்கல் சுவருக்குத் தீவாட்டி (தீயைப் பீய்ச்சும் கருவி) பிடித்து மெதுவாக, சந்து சந்தாக வாட்டிய பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். சுட்ட கல்சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். கூரை ஓலையாக இருந்தால் தீவாட்டியை எடுக்கவே வேண்டாம்.

கொட்டகைக்கு வெளியே

சுற்றிலும் பத்தடிக்குப் புல், செடி எல்லாம் வெட்டிச் சுண்ணாம்பு போடுங்கள். தீவன அறையையும் ஆள் தங்கும் அறையையும் கொட்டகை போலவே கழுவுங்கள். காக்கை, மைனா, குருவி உள்ளே வராதபடி கிழிந்த வலையைத் தையுங்கள், சிந்திய தீவனத்தைக் கூட்டுங்கள். பைக் டயர், கால் வைக்கும் இடம், மண்வெட்டி, தள்ளுவண்டி, உங்கள் பண்ணைச் செருப்பு எல்லாம் பட்டியலில் உண்டு.

இப்போது காத்திருங்கள். கடைசியாக மருந்து அடித்துக் காய்ந்த நாள்தான் முதல் நாள். வெள்ளைக்கழிச்சல் என்றால் குறைந்தது மூன்று வாரம் கொட்டகை காலியாக, வெயிலும் காற்றும் படும்படி கிடக்கட்டும். கம்போரோவுக்கு இன்னும் கூட விடுங்கள். வட்டி ஓடுகிறது, ஆள் சம்பளம் ஓடுகிறது, எல்லாம் தெரியும். மூன்று வார வட்டியையும் ஒரு பேட்ச் குஞ்சு, தீவனச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், எது பெரிது என்று தெரியும்.

மறுபடி குஞ்சு இறக்கும்போது

குஞ்சு வருவதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு முறை மருந்து அடித்து, புதுக் கூளம் போடுங்கள். வாசலில் கால் முக்கும் தொட்டி வையுங்கள், ஆனால் சேற்றுக் காலோடு முக்கிப் பயனில்லை என்பதால் பக்கத்திலேயே ஒரு பிரஷ்ஷும் தண்ணீரும் இருக்க வேண்டும், தொட்டி நீரைத் தினமும் மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, கொட்டகைக்குள் மட்டும் போடத் தனிச் செருப்பு. வாசலில் ஒரு குறுக்குக் கட்டை வைத்து, இந்தப் பக்கம் வெளிச்செருப்பு, அந்தப் பக்கம் உள்செருப்பு என்று ஆக்கிவிட்டால் ஆட்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். தீவன வண்டி, குஞ்சு வண்டி கேட்டுக்கு வெளியேயே நிற்கட்டும். நம் சாக்கில் மாற்றி உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் முழு எண்ணிக்கையும் ஒரே நாளில் இறக்காமல், முதலில் தடுப்பூசி போடாத இருபது முப்பது குஞ்சை விட்டு மூன்று வாரம் பாருங்கள். கொட்டகையில் ஏதாவது மிச்சம் இருந்தால் அவை காட்டிக்கொடுத்துவிடும். மனசுக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் ஐந்நூறு குஞ்சைக் காப்பாற்றும். மூன்று வாரமும் தெளிவாக இருந்தால் அந்தக் குஞ்சுகளை எடுத்துவிட்டுப் புது பேட்சை இறக்குங்கள்.

தண்ணீரில் 1000 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டால் 3 பி.பி.எம் அளவுக்குக் குளோரின் இருக்கும். ஆனால் தண்ணீர்வழித் தடுப்பூசி கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தடுப்பூசியில் உள்ள உயிர் வைரஸ் செத்துவிடும். அன்றைக்கு லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, கலக்கிய தடுப்பூசி இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்படி கொடுங்கள். நாட்டுக்கோழிக்கு முதல் வாரத்தில் லசோட்டா (வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி), இரண்டாவது வாரம் கம்போரோ, நான்காவது வாரம் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கையடியில் போடும் வெள்ளைக்கழிச்சல் ஊசி என்பது பரவலாகப் பின்பற்றும் வரிசை, உங்கள் பகுதிக்கு மாற்றம் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிமருந்தைக் கடையிலிருந்து ஐஸ் இல்லாமல் சட்டைப்பையில் போட்டு வந்தால் போடாததற்குச் சமம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊரில் புறக்கடைக் கோழி வைத்திருப்பவர்களுக்கு பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் நடத்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமைப் பற்றி நீங்களே போய்ச் சொல்லுங்கள். உங்கள் பண்ணையைச் சுற்றியுள்ள வீட்டுக் கோழிகள் ஊசி போட்டுக்கொண்டால் உங்கள் வேலிக்கும் அது காவல்.

ஒரு நோட்டில் தினமும் செத்தது எத்தனை, குடித்த தண்ணீர் எவ்வளவு, தின்ற தீவனம் எவ்வளவு என்று எழுதுங்கள். கோழி சாகும் முன்பு தண்ணீர்க் கணக்குதான் முதலில் மாறும். சாவு வழக்கத்தைவிட இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல், அன்றைக்கே கேட்டைப் பூட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஐஸ் பெட்டியையும் தயாராக எடுத்து வையுங்கள்.